‘டி.என்.’ என்றால் தமிழ்நாடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஸ்டூவர்ட் கோல் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதியை 1998-லும் தொழுநோய்க் கிருமியுடையதை 2001-லும் வெளியிட்ட குழுக்களின் தலைவர் அவர். முப்பது வருடம் தொழுநோய்க் களப்பணி பார்த்தவன் என்பதால் இரண்டு விஷயம் உறுத்தியது.

முதலாவது சின்ன விஷயம். ஆர்மடில்லோ என்ற விலங்கை ‘எறும்புத்தின்னி’ என்று போட்டுவிட்டீர்கள். நம் காட்டு எறும்புத்தின்னி, அதாவது அழுங்கு, வேறு. அமெரிக்கக் கண்டத்து ஆர்மடில்லோ வேறு. தொழுநோய்க் கிருமியைச் சோதனைச்சாலைத் தட்டில் இன்றுவரை யாராலும் வளர்க்க முடியவில்லை. எலியின் பாதத்திலோ, உடல்சூடு குறைந்த ஆர்மடில்லோவிலோதான் வளர்க்க வேண்டும். அடம் பிடித்த கிருமி!

காரணத்தைக் கோல் குழுதான் காட்டியது. காசநோய்க் கிருமியில் சுமார் 4,000 மரபணுக்கள். அதன் பங்காளியான தொழுநோய்க் கிருமியில் வேலை செய்பவை 1,600தான். 1,100க்கு மேல் செத்துக் கிடக்கின்றன. மனித நரம்புக்குள்ளேயே குடியிருந்து, சொந்தமாகச் சமைக்கவே மறந்துவிட்டது. ஒரு தடவை இரண்டாகப் பிரிய இரண்டு வாரம் ஆகும். “எங்க சார் தொத்துச்சு?” என்று கேட்டவர்களுக்கு நாங்கள் பதில் சொல்ல முடியாமல் நின்றதும் இதனால்தான். தொற்றிப் பல வருடம் கழித்துத்தானே தேமல் தெரியும்.

சரி, பெரிய விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் குழு படித்த கிருமி வகையின் பெயர் ‘டி.என்.’. தமிழ்நாடு என்பதன் சுருக்கம். நம்மூர் நோயாளி ஒருவரிடமிருந்து வந்த கிருமி அது. கட்டுரையில் ஆய்வு நடந்த பாரிஸ் இருக்கிறது, கேம்பிரிட்ஜ் இருக்கிறது, தமிழ்நாடு இல்லை.

காதுமடலை இரு விரலால் இறுக்கிப் பிடித்து, ரத்தம் வடிந்து வெளுத்ததும் பிளேடால் கீறிச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் தடவுவோம். சாயமேற்றிப் பார்த்தால் சிவப்புக் குச்சிகள் கட்டுக்கட்டாகத் தெரியும். சுருட்டுக்கட்டு என்று புத்தகம் சொல்லும்; நாங்கள் பீடிக்கட்டு என்போம். “வலிக்கலை சார், நல்லாவே கீறுங்க” என்பார்கள். உணர்ச்சி போயிருக்கும். அப்படிக் காதைக் காட்டிய யாரோ ஒருவர்தான் அந்த ‘டி.என்.’. அவர் பெயர் வேண்டாம். ஊரின் பெயராவது வந்திருக்கலாம்.

அடுத்த இதழில் எறும்புத்தின்னிக்குத் திருத்தம் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழுநோய்க் களப்பணியாளர்,
செங்கல்பட்டு.