தண்ணீர் புகையைக் கழுவாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நர்சிங் கல்லூரியில் பல வருடம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். போன மாதம் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர் கொண்டுவந்த ஹூக்கா, அதாவது புகையைத் தண்ணீர் வழியாக இழுக்கும் குழாய், மாடியில் கைமாறிக்கொண்டிருந்தது. இழுத்தவர்களில் இரண்டு பேர் மூன்றாம் வருட நர்சிங் மாணவர்கள். "சிகரெட் இல்லல்லா டீச்சர், புகை தண்ணி வழியாட்டுதானே வருது" என்றான் ஒருவன். இன்னொருவன் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிக் காட்டினான். 98. "பாருங்க, ஒண்ணும் ஆகல்ல."

அந்த 98 தான் அன்று இரவு என்னைத் தூங்க விடவில்லை. ஹூக்காவில் புகையிலையைச் சூடாக்குவது கரி. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு, ரத்தத்தில் ஆக்ஸிஜனுக்கு உரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. விரலில் மாட்டும் சாதாரணக் கருவியால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. அதையும் ஆக்ஸிஜன் கணக்கிலேயே சேர்த்துவிடும். நாளைக்கு வார்டில், புகையில் சிக்கி மயங்கி வந்த ஒருவருக்கு இதே எண்ணை நம்பி 'நார்மல்' என்று இந்தப் பிள்ளை எழுதிவிட்டால்?

தண்ணீர் புகையைக் குளிர வைக்கும், அவ்வளவுதான். தொண்டை எரியாததால் இன்னும் ஆழமாக இழுப்பார்கள். ஒரு மணி நேரம் ஹூக்கா இழுத்தால், ஒரு சிகரெட்டில் போவதைப்போல் 100 முதல் 200 மடங்கு புகை உள்ளே போகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புகையிலை இல்லாத 'ஹெர்பல்' வகையிலும் கரி கரிதான். அப்புறம், ஒரே குழாயை நாலு பேர் வாயில் வைப்பது. டிபி வார்டில் டியூட்டி பார்க்கிற பிள்ளைகளே அதைச் செய்தால் என்ன சொல்ல?

ஹூக்கா பார்களைத் தடை செய்யும் மசோதாவை நம் சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றியது. சரி, கல்யாண வீட்டு மாடிக்கு யார் போய்ப் பார்ப்பது? நம் மாவட்டத்திலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் நர்சுகள் ஏராளம். அங்கே ஷீஷா என்ற பெயரில் ஹூக்கா சாதாரணமாகக் கிடைக்கும்.

பையன்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. சிகரெட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக நடத்திய நானே ஹூக்காவைப் பற்றி ஒரு வகுப்புகூட எடுத்ததில்லை. இப்போது பாடம் எடுப்பவர்கள் அதை எடுக்க வேண்டும். நோயாளியிடம் கேஸ் ஹிஸ்டரி கேட்கும்போது "புகை பிடிப்பீங்களா?" என்பதோடு நிறுத்தாமல், ஹூக்காவையும் பேர் சொல்லிக் கேட்கப் பழக்க வேண்டும். ஹூக்கா இழுப்பவர் அதைப் புகைப்பழக்கமாகவே நினைப்பதில்லை. "இல்லை" என்றுதான் சொல்வார்.

புகையிலைப் பழக்கத்தைக் கைவிட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணை இருவருக்கும் எழுதிக் கொடுத்தேன். ஒருவன் உடனே போனில் பதிந்துகொண்டான்.

ஓய்வுபெற்ற நர்சிங் ஆசிரியை,
கன்னியாகுமரி மாவட்டம்