சொந்தக் கிளைடர் வைத்திருப்போருக்கு: உங்கள் கருவிப்பெட்டி குறித்து ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தின் கிளைடிங் கிளப்புகளுக்கு டிரெய்லரில் சொந்தக் கிளைடரை (எஞ்சின் இல்லாமல் பறக்கும் விமானம்) கொண்டுவந்து, காலையில் இறக்கைகளைப் பூட்டி, மாலையில் கழற்றிச் செல்லும் உரிமையாளர்களே,

வணக்கம். களத்தில் தரைப்பணி பார்க்கும் நாங்கள் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பக்கத்து டிரெய்லர்காரரின் கருவிகளை நம்பி வராதீர்கள். கடன் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கிளைடரைப் பூட்டும் வேலை பாதியில் நின்றால், விட்ட இடத்திலிருந்து தொடரும்போது ஏதாவது ஒரு படி விடுபடும். ஸ்பேனர் தேடி நடந்துவிட்டுத் திரும்பும் அந்தப் பத்து நிமிடமே ஆபத்தானது. அப்படி நின்றுபோனால், முதல் பின்னிலிருந்து, அதாவது முதல் இணைப்பு ஆணியிலிருந்து, மறுபடி சரிபாருங்கள்.

முதலில், உங்கள் மாதிரிக்கென்றே தயாரிப்பாளர் கொடுத்த பூட்டுக் கருவி. வாலின் கிடைமட்ட இறக்கையை இறுக்கும் அறுகோண ஆலன் சாவியோ, பின்னை இழுக்கும் திருகுத் தண்டோ, எதுவானாலும் மாதிரிக்கு மாதிரி அது வேறுபடும். அதைக் கிளப் பணிமனை தர முடியாது. ஒன்று பெட்டியிலும் இன்னொன்று டிரெய்லரிலும் இருக்கட்டும். கூடவே 8, 10, 13 மில்லிமீட்டர் ஸ்பேனர்கள், 4, 5, 6 ஆலன் சாவிகள், ஊசிமூக்குக் குறடு, தலைவிளக்கு, கைப்பிடியுள்ள சிறு கண்ணாடி, நூல் உதிராத துணி, மேனுவல் சொல்லும் கிரீஸ். சுத்தியல் வேண்டாம். இறக்கைகளை இணைக்கும் முதன்மைப் பின் உள்ளே போகவில்லையென்றால் துளைகள் நேராகவில்லை என்று அர்த்தம். இறக்கை நுனியில் நிற்பவர் மெல்ல ஏற்றி இறக்கினால் பின் தானாக வழுக்கிப் போகும். அடித்து ஏற்றினால் பின் நுழையும் துளையின் உலோக உறை (புஷ்) கெட்டுவிடும். அதன் தளர்ச்சியைப் பின்னால் யாரும் எளிதில் சரிசெய்ய முடியாது.

அந்தத் தலைவிளக்கும் கண்ணாடியும் எதற்கு என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய கிளைடர்கள் பலவற்றில் ஏலரானும் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தளம்) ஏர்பிரேக்கும் (இறக்கையிலிருந்து எழும் தடைத் தகடு) தாமாக இணையாது. இறக்கைக்குப் பின்னால் உள்ள கைத்துளைக்குள் கையை விட்டு, ஹோட்டலியே எனப்படும் குண்டும் கிண்ணமுமான இணைப்பை நீங்களே மாட்ட வேண்டும். குண்டின் மேல் கிண்ணம் முழுதாக உட்கார்ந்தால்தான் பூட்டு நழுவி முழுத் தூரமும் போகும். அப்போதுதான் பாதுகாப்புப் பின் நுழையும் துளை திறக்கும். பின் நுழைய மறுத்தால் இணைப்பு உட்காரவில்லை. வேறு பின்னைத் தேடாதீர்கள், கழற்றி மறுபடி மாட்டுங்கள். பிறகு கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். பூட்டு திறந்துவிடாமல் காக்கும் வெடெகிண்ட் உறை போட்டவர்களுக்குத் தனிப் பின் தேவையில்லை. ஆனால் உறை சரியான இடத்துக்கு வந்ததா என்பதைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். உதிரிப் பாதுகாப்புப் பின்கள் பெட்டியில் இருக்கட்டும். புல்லில் விழுந்த பின்னை யாரும் கண்டுபிடிப்பதில்லை.

எல்லாம் மாட்டியபின் ஒருவர் காக்பிட்டில் ஸ்டிக்கையும் (கட்டுப்பாட்டுத் தடி) ஏர்பிரேக் கைப்பிடியையும் இயக்க, இன்னொருவர் ஏலரான், எலிவேட்டர் (வாலின் அசையும் தளம்), ஏர்பிரேக் ஒவ்வொன்றையும் கையால் தடுத்து நிறுத்திப் பார்க்க வேண்டும். ஸ்டிக்கை அசைத்ததும் தளம் அசைகிறது என்பது மட்டும் சான்றாகாது. பூட்டாத இணைப்பும் வெறுமனே தொட்டுக்கொண்டு தள்ளும்; எதிர்விசை வந்ததும் விட்டுவிடும்.

டயரைப் பொறுத்தவரை, சக்கரப் பெட்டிக்குள் இருக்கும் வால்வுக்கு நேரான அளவுமானி எட்டாது. வளைந்த இணைப்பும் கால் பம்பும் வேண்டும். ரிம்மிலும் டயரிலும் ஒரே கோடாகப் பெயிண்ட் குறி போடுங்கள். குறி நகர்ந்திருந்தால் டயர் வழுக்கியிருக்கிறது, டியூபின் வால்வு கிழியும் நாள் தூரத்தில் இல்லை.

மின்சாரத்துக்கு மல்டிமீட்டரும் உதிரி ஃப்யூஸ்களும் போதும். 12 வோல்ட் ஈய பேட்டரி ஓய்வில் 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12-க்கு வந்தால் கிட்டத்தட்ட காலி. அந்த நிலையில் ரேடியோ கேட்கும், பேசும் பொத்தானை அழுத்தியதும் அணைந்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் வோல்டேஜ் கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால், மீட்டரை மட்டும் நம்ப முடியாது. அதற்கென்றே உள்ள சார்ஜரை உடன் கொண்டுவாருங்கள்.

விஞ்சில் (கேபிளால் இழுத்துக் கிளைடரை ஏற்றும் எந்திரம்) ஏறும்முன், இழுவிசை மிகுந்தால் முறிந்து கிளைடரைக் காக்கும் உங்கள் வலுக்குறை இணைப்பின் நிறம் உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். டோஸ்ட் நிறுவனத்தின் வரிசையில் கறுப்பு 1000 டெகாநியூட்டன் (விசை அலகு), பழுப்பு 850, சிவப்பு 750, நீலம் 600, வெள்ளை 500. மேனுவல் சொன்ன நிறமே உங்கள் நிறம். களத்தில் அன்று கிடைப்பதை மாட்டச் சொல்லாதீர்கள்.

காக்பிட்டின் மேலுள்ள ஒளிபுகும் கேனோபிக்கு ஐந்து லிட்டர் சுத்தத் தண்ணீரும் மென்மையான துணியும். ஜன்னல் துடைக்கும் அம்மோனியா திரவமோ, ஆல்கஹாலோ பட்டால் கேனோபியின் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக்கில் மயிரிழை வெடிப்புகள் விழும். நிறுத்தியதும் உறையைப் போட்டுவிடுங்கள். வளைந்த கேனோபி சூரிய ஒளியைக் குவித்து இருக்கையின் தலைத்திண்டைக் கருக்கும். இறக்கை இடைவெளிக்கு ஒட்டும் வெள்ளை டேப்பை அன்று மாலையே உரியுங்கள். ஸ்டாட்டிக் துளைகள் (கருவிகளுக்குக் காற்றழுத்தம் தருபவை), வடிகால் துளைகள் மேல் டேப் வேண்டவே வேண்டாம்.

டிரெய்லருக்கு அதன் நட்டுக்குப் பொருந்தும் சாவி, அதன் அச்சுக்கு ஏற்ற ஜாக், காற்றுள்ள உதிரிச் சக்கரம். டயர் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. தடம் தேயாவிட்டாலும் ரப்பர் கிழடாகியிருக்கும்.

இந்தப் பெட்டி பூட்டுவதற்கும் பார்ப்பதற்கும் மட்டுமே. கட்டுப்பாட்டுத் தண்டையோ கேபிளையோ மாற்ற வேண்டியிருந்தால் கிளைடர் இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு கருவிக்கும் பளிச்சென்ற நிற டேப் சுற்றி, மொத்த எண்ணிக்கையை மூடியின் உட்புறம் எழுதிவையுங்கள். இருக்கைக்குக் கீழே நழுவிய ஒரு திருப்புளி ஸ்டிக்கைப் பின்னோக்கி வரவிடாமல் தடுக்கக்கூடும். கைத்துளை மூடியைப் பூட்டுமுன் எண்ணுங்கள். எண்ணிக்கை சரியான பிறகுதான் அன்றைய பரிசோதனைப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

களத் தரைப்பணிக் குழுவினர்