தம்பி, பாப்பாவைக் காடியில் (காரில்) விட்டுவிட்டு இறங்காதே

அன்புள்ள தம்பி,

உன் வீட்டுக்காரிக்கு மாலை ஷிப்டு வந்துவிட்டது, இனி பாப்பாவைத் தாஸ்காவிலிருந்து (குழந்தைகள் காப்பகத்திலிருந்து) எடுப்பது, சாமான் வாங்குவது எல்லாம் நீதான் என்று அம்மா சொன்னார். கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன். உன்னைப் போல இந்த வேலையை ஏற்றுக்கொள்ளும் அப்பாக்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் காடி விஷயம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆறரை மணிக்கு நிறுத்த இடம் கிடைப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். துன் சம்பந்தன் சாலையைச் சுற்றி வந்து ஒரு இடம் பிடிப்பதற்குள் பாப்பா பின்சீட்டில் தூங்கியிருப்பாள். ஒரு பாக்கெட் பால்தானே, ஏர்கோனை ஓடவிட்டு, ஓடிப்போய் வாங்கி வந்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம் தம்பி. கடையில் உனக்கு முன்னால் நாலு பேர் நின்றால் என்ன செய்வாய்? இன்ஜின் ஓடும் காடியைத் திருடுகிறவன் பின்சீட்டைப் பார்த்துவிட்டா எடுப்பான்? இன்ஜினை நிறுத்தினால் அதைவிட மோசம். மூடிய காடி நிழலில்கூட சீக்கிரம் கொதித்துவிடும். சின்னப் பிள்ளையின் உடம்பு நம்முடையதைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடாகும். 2020 ஜனவரியிலிருந்து மலேசியாவில் காடியில் பிள்ளை இருக்கை கட்டாயம். அது நல்ல சட்டம்தான், ஆனால் அந்த வாரை அவளால் அவிழ்க்க முடியாது. பிள்ளையைக் கவனிக்க ஆளில்லாமல் விட்டுப்போவது 2001 சிறார் சட்டத்தின் 33-ஆவது பிரிவின்படி குற்றமும்கூட. சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. அவள் விழித்துப் பார்க்கும்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் இருக்கக்கூடாது.

தூங்கிவிட்டாளா, நேரே வீட்டுக்குப் போ. சோறும் முட்டையும் இருந்தால் அன்றைய இரவு ஓடிவிடும்.

அப்புறம் பசி. நம் ஊரில் ஏழு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். 1982-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியதிலிருந்து சூரியன் இப்படிப் பிந்தித்தான் மறைகிறது. வெளிச்சத்தைப் பார்த்து நேரமிருக்கிறது என்று நினைத்துவிடாதே. அவளுக்கு ஆறு மணிக்கே பசித்துவிடும். தாஸ்கா வாசலிலேயே ஒரு வாழைப்பழம் கொடு. கடையில் தரையில் உருண்டு அழுகிற பிள்ளைகளில் பாதிப்பேர் பசியில்தான் அழுகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஒரு மாலைக்கு ஒரு கடை போதும். மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு கடைக்கும் அவளை நடக்க விடு. நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் கற்களைக் கவனித்திருக்கிறாயா? மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. கோலூன்றி நடப்பவர்களுக்கான வழி அது. நீளக்கோடு போட்ட கல் என்றால் நடக்கலாம், புள்ளி வைத்த கல் என்றால் நிற்கவேண்டும். பாப்பாவுக்கு இதை ஒரு தரம் காட்டு. புள்ளிக் கல் வந்ததும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்று, உன் முகத்தைப் பார்ப்பாள். 'நட' என்று நீ சொன்னால்தான் அடுத்த அடி. ரோட்டைக் கடக்கும் இடத்தில் நிற்கப் பழக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வெள்ளைக் கோலோடு யாராவது வந்தால் மட்டும் அவளைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கிவிடு. அந்த வழியை மறித்து மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நீ ஒருநாளும் அதைச் செய்யாதே.

அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதையில், மாலைக்காரர் பூ கட்டுவதை அவள் நின்று பார்த்தால் நீயும் நில். வாங்கிய கறிவேப்பிலைக் கொத்தை அவள் கையில் கொடு. வீடு வருவதற்குள் பாதி இலையை உருவிப் போட்டிருப்பாள், பரவாயில்லை. தன் சாமானைத் தானே தூக்கி வருகிற பிள்ளை 'தூக்கு, தூக்கு' என்று நச்சரிக்காது.

மழை கொட்டினால் அன்றைக்குக் கடையே வேண்டாம். புதன்கிழமைகளில் எனக்கு வேலை ஐந்து மணிக்கே முடிந்துவிடும். அன்று பாப்பாவை நான் எடுத்துக்கொள்கிறேன், நீ நிம்மதியாகச் சாமான் வாங்கிவிட்டு வா. தாஸ்காவில் பிள்ளையை அழைத்துப்போகிறவர்கள் பட்டியல் வைத்திருப்பார்கள். என் பெயரையும் அதில் எழுதிக் கொடுத்துவிடு.

அன்புடன்,
அக்கா