மாடிப்படி ஜன்னல் பேனல் புடைப்பு: அமுக்கிச் சரிசெய்வதை ஏற்க இயலாமை பற்றிய புகார்

பெறுநர்: தரப் பிரிவு மேலாளர், வண்ணக் கண்ணாடிப் பணிமனை

பொருள்: ஈயம் கட்டிய பேனலைக் கழற்றி, பணிமனையில் பிரித்து மறுபடி கட்டித் தரக் கோருதல்

ஐயா,

பழைய பாணி வீட்டுக்காக உங்களிடம் அளவு கொடுத்துச் செய்து வாங்கிய, கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைத்த நான்கு பேனல்களில், மாடிப்படி ஜன்னலுக்கான பேனல் (1,500 × 750 மி.மீ.) பொருத்திய ஏழாவது மாதத்திலேயே புடைத்துவிட்டது. மேலிருந்து கீழாக நூல் பிடித்து அளந்தால் நடுப்பகுதி 14 மி.மீ. வெளியே தள்ளியிருக்கிறது. "வெயிலுக்கு ஈயம் விரிவது இயல்பு, ஆள் அனுப்பி அமுக்கிச் சரிசெய்கிறோம்" என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள்.

ஈயம் விரியும் என்பது உண்மைதான். ஒரே வெயிலில் கண்ணாடியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். அது தெரிந்துதான் காடியில் (சட்டத்தில் பேனல் உட்காரும் பள்ளத்தில்) இடைவெளி விடுகிறார்கள், ஈயப் பட்டைக்குள் மக்கு (இடைவெளி அடைக்கும் பசை) அடைக்கிறார்கள், குறுக்கே கம்பி கட்டுகிறார்கள். இந்தப் பேனலில் மூன்றுமே இல்லாதபோது வெயில் மீது பழி போடுவதில் நியாயமில்லை.

நீங்கள் ஒப்புதலுக்கு அனுப்பிய வரைபடத்தில் 375 மி.மீ.க்கு ஒன்றாக மூன்று குறுக்குக் கம்பிகள் இருக்கின்றன. வந்து சேர்ந்த பேனலில் ஒன்றுகூட இல்லை. கம்பியைக் கட்டுவதற்கான செம்புக் கம்பித் துண்டுகளைப் பற்றவைத்த தடமும் எந்த இணைப்பிலும் இல்லை. ஆகவே இது பொருத்த வந்தவர் மறந்த வேலையல்ல; பணிமனையிலேயே விட்டுப்போன வேலை. கண்ணாடியும் ஈயமும் சேர்ந்து 15 கிலோவுக்கு மேல் வரும் பேனலை அந்த உயரத்தில் ஈயம் மட்டும் தாங்காது. மெத்தென்ற உலோகம், தன் கனத்துக்கே தொய்யும்.

காடியிலும் இதே கதை. பேனலைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3 மி.மீ. விட்டிருக்க வேண்டும். மேல் விளிம்பிலும் இடது விளிம்பிலும் பிளேடு நுனிகூட நுழையவில்லை. இப்படி இறுகிய பேனல் விரிந்தால் நடுவில்தான் புடைக்கும்.

மக்கு இல்லை என்பதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. கீழ் வரிசைத் துண்டுகளை விரல் நகத்தால் தட்டினால் கடகடவென்று ஆடுகின்றன. இரவில் வெளியே டார்ச் அடித்தால் பட்டையின் ஓரமாக மயிரிழை போல வெளிச்சம் உள்ளே கசிகிறது. 5 மி.மீ. வாய் உள்ள பட்டையில் 3 மி.மீ. கண்ணாடியைச் செருகினால் மிஞ்சும் இடத்தைச் சுண்ணப்பொடியும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த மக்கு அடைக்க வேண்டும். அது முழுமையாக இறுகப் பல வாரம் ஆகும். அந்த அவகாசத்தை மிச்சப்படுத்தத்தானோ என்னவோ, வெளிப்பக்கம் மட்டும் சிலிக்கான் இழுத்துவிட்டிருக்கிறார்கள். அதுவும் காயும்போது வினிகர் நெடி அடிக்கும் வகை. அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் ஈயத்தை அரிக்கும். சிலிக்கான் பட்ட இடமெல்லாம் இப்போது வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. அது ஈய உப்பு. குழந்தைகள் கைபடும் உயரத்தில் இருப்பதால் அதை அழகுக் குறையாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

உட்புறம் சால்டர் (உருக்கிப் பற்றவைக்கும் உலோகம்) வைத்த இணைப்புகளில் ஆறு, வெளிப்புறம் வெறுமனே இருக்கின்றன. அவற்றில் இரண்டில் ஈயம் ஏற்கெனவே கீறல் விட்டிருக்கிறது.

இந்த நிலையில் இருந்த இடத்திலேயே கையால் அமுக்கினால் சால்டர் இணைப்புகளை ஒட்டி ஈயம் கிழியும், பெவல் துண்டுகள் (ஓரம் சாய்வாகத் தீட்டிய கண்ணாடிகள்) மூலையில் உடையும். ஒருவேளை எதுவும் உடையாமல் தட்டையானாலும் அடுத்த கோடையில் இதே புடைப்பு திரும்பும். தாங்க வேண்டிய எதுவும் அங்கே இல்லையே. எனவே அமுக்கும் ஆளை அனுப்ப வேண்டாம்.

கதவுக்கு மேலே உள்ள பேனலில் குறை வேறு மாதிரி. நடுவில் கூடும் எட்டு பெவல் துண்டுகளின் கூர்கள் ஒரு புள்ளியில் சேரவில்லை, 2 முதல் 3 மி.மீ. வரை விலகியிருக்கின்றன. சாய்வுப் பரப்பில் சாம்பல் பூத்தாற்போல் ஒரு மங்கல். பூதக்கண்ணாடியில் பார்த்தால் சாணைக் கல்லின் கீறல்கள் அப்படியே தெரிகின்றன. சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடி போட்டு ஃபெல்ட் சக்கரத்தில் கடைசி மெருகு ஏற்றவில்லை. நன்றாக மெருகேறிய பெவல் காலை வெயிலில் தரையில் வானவில் துண்டுகளை உதிர்க்க வேண்டும். இது வெறும் வெளிச்சத் திட்டு ஒன்றைப் போடுகிறது.

பக்கவாட்டுப் பேனல்களில் கொடி வரைந்த கோடுகள் சூளையில் சுட்டவை என்று ஆர்டரில் இருக்கிறது. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்ட கோடு கண்ணாடியோடு உருகிச் சேர்ந்துவிடும், நகத்தால் சுரண்டினால் வராது. இது ஈரத்துணி பட்டாலே உரிகிறது. இந்த இரண்டு பேனல்களிலும் வண்ணம் தீட்டிய துண்டுகளை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும். மற்ற வேலை சுத்தமாகவே இருக்கிறது.

மாடிப்படி ஜன்னலுக்கு நாங்கள் கேட்பது இது. கழற்றும் முன் பேனலின் மேல் தாள் வைத்துத் தேய்த்துப் படியெடுத்து, துண்டுகளுக்கு எண் போட வேண்டும். பலகையோடு கட்டி நிமிர்த்தியபடியே வண்டியில் ஏற்ற வேண்டும், படுக்கவைத்துக் கொண்டுபோகக் கூடாது. சிலிக்கான் பட்ட ஈயம் முழுவதையும் நீக்கிப் புதுப் பட்டையில் கட்டி, இரு பக்கமும் பற்றவைத்து, இரு பக்கமும் மக்கு அடைக்க வேண்டும். துரு ஏறாத கம்பிகள் மூன்றும் வரைபடத்தில் உள்ளபடியே வந்து, அவற்றின் இரு நுனிகளும் மரச் சட்டத்துக்குள் இறங்க வேண்டும். கம்பி பேனலில் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றால் பயனில்லை. திரும்பப் பொருத்தும்போது சுற்றிலும் 3 மி.மீ. விடுவதை எங்கள் முன்னிலையில் அளந்து காட்டுங்கள். ஜன்னலை அதுவரை மூடிவைக்கத் தற்காலிகப் பலகையும் உங்கள் பொறுப்பு.

அளவுகளும் படங்களும் இணைப்பில் உள்ளன. கழற்றும் தேதியை 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். வேலை முடிந்து, டார்ச் அடித்துப் பார்த்த பிறகே கடைசித் தவணை தரப்படும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்