கொரியக் கோப்புப் பெயர்கள் தேடலில் சிக்காதது குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைவர் அவர்கள்

பொருள்: நான்கு முறை மூடப்பட்ட புகார் டிக்கெட்டை மீண்டும் திறக்கக் கோரி

ஐயா,

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கொரிய ஆலைகளின் ஆவணங்களை மொழிபெயர்க்கும் எங்கள் அலுவலகம், உங்கள் மென்பொருளுக்கு 20 பேர் கணக்கில் சந்தா கட்டுகிறது. மேக்கில் ஏற்றிய கோப்பின் பெயரை விண்டோஸில் தட்டித் தேடினால் 'முடிவுகள் இல்லை' என்று வருகிறது. கோப்போ பட்டியலில் கண்ணெதிரே கிடக்கிறது. உங்கள் ஆட்கள் நான்கு முறையும் சொன்ன ஒரே வைத்தியம், "கொரியன் ஃபான்ட் போடுங்க."

ஃபான்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கொரிய எழுத்துமுறையான ஹங்குலில் 'ஹன்' என்ற ஓர் அசையை, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். முழு அசைக்கே ஒரே எண், 54620. அல்லது ஹ, அ, ன் என்று பிரித்து மூன்று எண்கள்: 4370, 4449, 4523. மேக்கிலிருந்து வரும் கோப்புப் பெயர்கள் பிரிந்து வருவது கொரியர்களுக்கே பழகிப்போன தலைவலி. விண்டோஸில் தட்டினால் முழு அசை விழும். தேடலுக்குப் பெயர்களைப் பட்டியலிடும் உங்கள் இன்டெக்ஸர் பைட்டுக்கு பைட் ஒப்பிடுகிறது. அப்புறம் எப்படிச் சிக்கும்?

பிரிந்த எண்களை முழு அசையாகச் சேர்ப்பதற்கு அட்டவணைகூட வேண்டாம். முதல் மெய் 19, உயிர் 21, இறுதி மெய் இல்லாததையும் சேர்த்து 28. மொத்தம் 11,172 அசைகள். வரிசையைச் சுழியத்திலிருந்து எண்ணி, முதல் மெய்யின் வரிசையை 21ஆல் பெருக்கி, உயிரின் வரிசையைக் கூட்டி, அதை 28ஆல் பெருக்கி, இறுதி மெய்யின் வரிசையையும் 44032ஐயும் கூட்டினால் முடிந்தது. 'ஹன்'னுக்கு 18, 0, 4. போட்டுப் பாருங்கள்.

இதைத்தான் பெருங்குடி சேவை மையத்தில் தாளில் எழுதியே காட்டினேன். லேப்டாப்பைத் தூக்கிவரச் சொல்லி, மூன்று மணி நேரம் உட்காரவைத்து, ஃபான்ட்டை ஏற்றிவிட்டு உங்கள் பொறியாளர் கேட்டார்: "கொரியன் உங்களுக்கே படிக்க வரலைன்னா நாங்க என்ன சார் பண்றது?" அவரிடம் சொல்லுங்கள், 'கொரியா' என்று தமிழில் எழுதினாலும் இதே வியாதிதான். 'கொ'வில் ஒகரக் குறியை ஒரே எண்ணாக (3018) வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் (3014, 3006) வைக்கலாம். உங்கள் தேடல் அதிலும் கோட்டைவிடுகிறது. தமிழும் எனக்குப் படிக்க வராது என்பாரா?

இன்னொன்று. உங்கள் சர்வர் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் தருகிறது. யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் முழு அசைக்கு 3 பைட், ஆகவே 85 அசைகள் கொள்ளும். பிரிந்து வந்தால் இறுதி மெய்யுள்ள அசை ஒவ்வொன்றும் 9 பைட். 28க்கு மேல் ஏறாது. பிழைச் செய்தியோ 'நெட்வொர்க்கைச் சரிபார்க்கவும்' என்கிறது!

பட்டியலைக் காற்புள்ளியிட்ட உரைக்கோப்பாகத் தரும் சிஎஸ்வி ஏற்றுமதி அதைவிட மோசம். 1987ஆம் ஆண்டுக் கொரிய எழுத்துக் குறியீட்டுத் தரத்திலுள்ள 2,350 அசைகளை மட்டும் எழுதிவிட்டு மற்றதையெல்லாம் கேள்விக்குறியாக்குகிறது. தாய்லாந்து டோம் யாம் சூப்பின் கொரியப் பெயரில் முதல் அசையே அந்த 2,350இல் கிடையாது. ஆலை கேன்டீன் பட்டியல் '?யாம்' என்று போய்ச் சேர்ந்தது. மைக்ரோசாஃப்டின் 949 என்ற கொரியக் குறியீட்டு முறை மீதி 8,822ஐயும் எப்போதோ சேர்த்துவிட்டது. கேள்விக்குறியானது திரும்பி வராது, ஐயா. மூன்று மாத உழைப்பு மண்ணாகிவிட்டது, கோடி கொடுத்தாலும் ஈடாகாது.

தயவுசெய்து பெயர்களைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் பிரிந்ததை ஒன்றுசேர்க்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றுங்கள், பழைய இன்டெக்ஸை மறுபடி கட்டுங்கள், ஏற்றுமதியை யூடிஎஃப்-8 ஆக்குங்கள். அவசரத்தில், ஒத்த எழுத்துகளையும் மாற்றிவிடும் என்எஃப்கேசி வடிவைப் போட்டுவிடாதீர்கள். அரட்டையில் தனியாகத் தட்டும் 'க்க' எழுத்துகள்கூட வேறு எண்ணுக்கு மாறிவிடும். என்எஃப்சிக்கு மாற்றிய பிறகு ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் மோதக்கூடும். ஒன்றின்மேல் ஒன்றை எழுதிவிட்டால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

15 நாளில் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்தாம் முறை டிக்கெட்டை மூடும் முன், நார்மலைசேஷன் (ஒரே எழுத்தின் பல வடிவங்களை ஒன்றாக்குவது) என்றால் என்னவென்று தெரிந்த ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். பெருங்குடிக்கு மட்டும் இனிமேல் கூப்பிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்