குதிரையின் கால் சிகிச்சையில் வலியை மறக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூட்டு வரை இறங்கிய காயத்துக்கும் குளம்பில் ஆணி குத்திச் சீழ் வைத்ததற்கும், குதிரையின் அந்த ஒரு காலில் மட்டும் ஆன்டிபயாடிக் ஏற்றும் முறையைப் பற்றி உங்கள் நாளிதழில் எழுதியிருந்தீர்கள், நல்ல கட்டுரைதான், ஆனால் வலியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

காயத்துக்கு மேலே அகலமான ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, அதற்குக் கீழே உள்ள சிரையில் மருந்தைச் சலைனில் கலந்து மெதுவாக ஏற்றி, 20 முதல் 30 நிமிடம் அப்படியே விடுவோம். பெரும்பாலும் அமிக்காசின் என்ற ஆன்டிபயாடிக்தான். இந்த மருந்து வேலை செய்ய, கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச அளவைப் போல 8 முதல் 10 மடங்காவது மூட்டுக்குள் சேர வேண்டும். உடம்புக்குப் பொதுவாகப் போடும் ஊசியில் அது லேசில் நடக்காது.

சரி, இதையெல்லாம் குதிரை நின்றபடியே, அரை மயக்கத்தில்தான் தாங்குகிறது. காயம் வலிப்பது ஒரு பக்கம் இருக்க, இறுக்கிய பட்டையே வலிக்கும். பத்து நிமிடம் போனதும் காலை மாற்றி மாற்றி ஊன்றும், சட்டென்று தூக்கி உதறும், அப்படி உதறும் ஒவ்வொரு தடவையும் பட்டைக்கு அடியில் மருந்து கொஞ்சம் மேலே நழுவி உடம்போடு கலந்துவிடும். அந்த அளவுக்கு மூட்டுக்குள் மருந்து குறையும். அதனால்தான் சொல்கிறேன், வலியைக் குறைப்பது குதிரை மேல் காட்டும் இரக்கம் மட்டுமில்லை, சிகிச்சை பலிக்கவே அது வேண்டும்.

இதற்கு வழி இருக்கிறது. பட்டை கட்டும் முன்பே நரம்பு ஓரமாக மரத்துப்போகும் ஊசி போடலாம், இல்லையென்றால் மெபிவக்கைன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தை அமிக்காசினோடு சேர்த்தே ஏற்றலாம். அப்படிச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் அமிக்காசினின் வீரியம் குறையவில்லை. அதற்காகக் கையில் கிடைத்த எதையும் எதோடும் கலக்கக் கூடாது, சில மருந்துகள் சேர்ந்தால் திரிந்துபோகும்.

அப்புறம், மரத்துப்போனது சில மணி நேரத்தில் தெளிந்துவிடும், காயத்தின் வலி திரும்பி வரும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வலிக்கும் காலை ஊன்றாமல் மறுபக்கக் காலிலேயே நாள் கணக்கில் பாரம் போட்டால் அந்தக் குளம்பில் லாமினைடிஸ் என்ற குளம்பு அழற்சி வந்துவிடலாம், புண்ணில் பிழைத்த குதிரையை அதில் இழக்கவும் நேரும். ஃபீனைல்பியூட்டசோன் போன்ற வலி மருந்து தேவைதான், ஆனால் அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது, அமிக்காசினும் சிறுநீரகத்துக்கு ஆகாது, ஆகவே குதிரை போதுமான தண்ணீர் குடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கால் மரத்திருக்கும் நேரத்தில் நடத்திப் பார்த்து, நொண்டவில்லை, குணமாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

குதிரை வைத்திருப்பவர்கள் பட்டை கட்டும் முன்பே மருத்துவரிடம் வலிக்கு இப்போது என்ன போடுகிறீர்கள், இரவுக்கு என்ன என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள். கேட்டால் எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்படிக்கு,
குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவர்