இதில் மெம்பிரேன் எது, சார்?

புதுச்சேரி, கடலூர் பக்கம் ட்ராயிங் போட்டுத் தரும் ஆர்க்கிடெக்ட்டுகளுக்கு, வணக்கம்.

மழை பிடித்தால் வீட்டுக்காரர்கள் யாருக்கு போன் போடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் ரெட்டியார்பாளையத்தில் ஒரு மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரின் அடிப்பூச்சை உடைத்தோம். நான் சூப்பர்வைசராக நின்று கட்டிய வீடு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒழுக ஆரம்பித்தது. அன்றிலிருந்து வானம் கறுத்தாலே அந்த வீட்டம்மா மாமியார் கட்டிலை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் அன்னக்கூடையை வைக்கிறார். உடைத்துப் பார்த்தால், தண்ணீர் இறங்காமல் ஒட்டும் மெம்பிரேன் ஷீட் தளத்தோடு நின்றிருக்கிறது. சுவரில் ஒரு விரல்கூட ஏறவில்லை. மூலையில் பிளேடு போட்டு அறுத்த மாதிரி அவ்வளவு சுத்தமான ஓரம்.

மேஸ்திரியிடம் எகிறினேன். அவர் பையிலிருந்து பழைய பிரிண்டை எடுத்து நீட்டினார். "நீங்களே காட்டுங்க தம்பி, இதுல எது மெம்பிரேன்?" என்னால் காட்ட முடியவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 மி.மீ. மெம்பிரேனை 1:20-ல் அளவு மாறாமல் வரைந்தால் 0.2 மி.மீ. ஏ1 தாளுக்குப் போட்டதை ஜெராக்ஸ் கடையில் ஏ3-யாக எடுத்தால் பாதியாகச் சுருங்கி 0.1. பக்கத்திலேயே 12 மி.மீ. பூச்சு, அதுவும் 0.3 ஆகிவிடும். மூலை முழுக்க மை இழுத்த மாதிரி ஒரே கறுப்பு.

தயவுசெய்து மெம்பிரேனை அளவுக்கு வரையாதீர்கள். பூச்சோடும் கான்கிரீட்டோடும் ஒட்டாமல், விட்டு விட்டுப் போகும் தடித்த கோடாகத் தனியாகக் காட்டுங்கள். மூலைச் சரிவில் எப்படி வளைகிறது, தட்டோட்டு மட்டத்துக்கு மேலே 150 மி.மீ. ஏறி சுவரில் வெட்டிய எந்தக் காடியில் செருகுகிறது, மழைநீர்க் குழாய் வாய்க்குள் எதுவரை இறங்குகிறது, ஷீட் மேல் ஷீட் 100 மி.மீ. எந்தப் பக்கம் ஏறுகிறது, இவ்வளவுக்கும் 1:5-ல் ஒரு படம் போதும். அஸ்திவாரத்து ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் டி.பி.சி.க்கும் இதேதான்.

அந்த வீட்டின் 3டி படம் இன்னும் என் போனில் இருக்கிறது. மொட்டைமாடியில் காகிதப்பூ, கூடை ஊஞ்சல், அதில் ஒரு வெள்ளைக்காரம்மா. அவர் காபியில் ஆவி பறப்பதுகூடத் தெரிகிறது. ஆவியை வரைய நேரம் இருந்திருக்கிறது! ட்ராயிங்கில் மட்டும் "வாட்டர்ப்ரூஃபிங், கம்பெனி சொன்னபடி" என்று ஒரு வரி. கம்பெனி ஆள் வந்து என்னிடம் கேட்டது: "ஆர்க்கிடெக்ட் சொன்னபடி போட்டுடலாமா சார்?"

வார்த்தை கொஞ்சம் தடித்துவிட்டது, மன்னியுங்கள். அன்றைக்கே உங்களைக் கேட்காதது என் தப்பும்தான். கேட்பது ஒன்றே. டீட்டெயிலை அனுப்பும் முன் ஏ3-யில் ஒரு பிரிண்ட் எடுத்து, மெம்பிரேன் கோட்டைத் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை விரலால் தடவிப் பாருங்கள். விரல் எங்கேயாவது திகைத்தால், திரும்ப வரைந்து கொடுங்கள்.

ரெட்டியார்பாளையத்தில் இப்போதைக்குச் சுவரிலேயே கரித்துண்டால் அந்த மெம்பிரேன் கோட்டை நானே இழுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சைட் சூப்பர்வைசர்